பால்சா ஷீட் ஒட்டுன மாடல் விமான ரெக்கை முறுக்கிக்கிச்சு, காப்பாத்த வழி இருக்கா?

வணக்கம், நான் குன்னூர். நாலடி ரெக்கை, நுனி வரைக்கும் ஒரே அகலம். முன்விளிம்புல இருந்து ஸ்பார் (ரெக்கை நீளத்துக்கும் ஓடற தாங்குகட்டை) வரைக்கும் 1.5 மி.மீ. பால்சா ஷீட், அதான் அந்த லேசான மரத்தகடு, போர்த்தறேன். இங்க பத்து நாளா மூடுபனி, வெயிலையே காணோம். மேல்பக்க ஷீட்டை ரெண்டு பக்கமும் நனைச்சு வளைச்சு ஃபெவிகால்ல ஒட்டுனேன், காயவே இல்லன்னு ஹீட்டர் முன்னாடி சாய்ச்சு வச்சுட்டுத் தூங்கிட்டேன், காலைல பாத்தா இடது நுனியில பின்விளிம்பு 6 மி.மீ. கீழ இறங்கியிருக்கு. வலது பக்கம் நல்லாருக்கு. கீழ்ப்பக்கம் இன்னும் ஒட்டல. மூணு மாச வேலைங்க, பிச்சுப்போட மனசு வரல. இப்படியே பறக்க விடலாமா?

ஊட்டியில இருந்து:
விடாதீங்க தம்பி. லேண்டிங்ல வேகம் குறையும்போது அந்த இடது நுனிதான் முதல்ல ஸ்டால் ஆகும், அதாவது தூக்கற சக்திய இழக்கும், பொத்துன்னு இடப்பக்கம் சாயும். குன்னூர் 1850 மீட்டர் உயரம், காத்து லேசு, கீழ்நாட்டை விட 10 சதவீதம் கூடுதல் வேகத்துலயே ஸ்டால் வந்துடும். ஒட்டும்போது போர்டுல குத்தி வச்சிருந்தீங்களா?

குன்னூர்:
இல்லண்ணா, மடியில வச்சே ஒட்டுனேன்.

ஊட்டி:
அதான் விஷயம். ஈரத்துல ஷீட் அகலவாக்குல உப்பும், ஹீட்டர்ல சடார்னு காயும்போது சுருங்கி ரிப்பை (ரெக்கைக்கு வடிவம் தர்ற குறுக்குத் தகடு) இழுத்துடும், பிடிமானம் இல்லாத ரெக்கை அது போற பக்கம் போகும். ஆனா கீழ்ப்பக்கம் திறந்திருக்கறது உங்க நல்ல நேரம். ஊதுபத்தி டப்பாவை நீளவாக்குல ஒரு கீறல் போட்டு முறுக்கிப் பாருங்க, துவளும், கீறாததை முறுக்கவே முடியாது. ரெக்கையும் அப்படித்தான், ரெண்டு பக்கமும் மூடிட்டா எந்த வாட்டத்துல இருக்கோ அதுலயே நின்னுடும். அதனால தலைகீழா போர்டுல போட்டு ஸ்பாருக்கு அடியில ஒரே உயரத்துல கட்டை வைங்க, பின்விளிம்புக்கு அடியில மட்டும் நடுப்பக்கக் கட்டைய விட நுனிக்கட்டை 3 மி.மீ. குட்டையா இருக்கட்டும், ரெண்டு ரெக்கைக்கும் அதே அளவு. நிமிர்த்தினா நுனியில பின்விளிம்பு கொஞ்சம் மேல தூக்கி நிக்கும், அப்ப நுனி முதல்ல ஸ்டால் ஆகாது. மேல வெயிட் வச்சு அமுக்கிட்டு கீழ் ஷீட்டை ஒட்டுங்க. வெளிப்பக்கம் மட்டும் நனைங்க, பசை கொஞ்சமா. ரெண்டு நாள் தொடாதீங்க, ஹீட்டர் பக்கமே போகாதீங்க.

கொடைக்கானல்ல இருந்து:
அண்ணா சொன்னது சரி, ஒண்ணு சேர்த்துக்கறேன். இடது வலது ஷீட்டை எடை போட்டீங்களா? 36க்கு 3 அங்குல ஷீட் 10, 12 கிராம்னா மெத்துன்னு வளையும், 20க்கு மேல போனா வளையாம விறைப்பா நிக்கும். மேல மினுமினுன்னு புள்ளி தெரியற ஷீட் வளைவுக்கு ஆகாது, வெடிக்கும், அதை ரிப் வெட்ட வச்சுக்கங்க.

குன்னூர்:
அக்கா, மிச்சத் துண்டுகளை அதே அளவுல வெட்டி எடை போட்டேன், இடது ஷீட் வலதை விட ஒண்ணரை மடங்கு கனம்!

நாலு நாள் கழிச்சு குன்னூர்:
வெயிட் எடுத்தாச்சு. ரெண்டு நுனியிலயும் பின்விளிம்பு மேல தூக்கியிருக்கு, இடது இரண்டரை, வலது 3 மி.மீ. அரை மி.மீ. வித்தியாசம் பரவால்லயா அண்ணா?

ஊட்டி:
தாராளமா. பனி விலகட்டும், அப்புறம் மேல போர்த்தற பிளாஸ்டிக் ஃபிலிம் ஒட்டுங்க.