மறு: ஓவர் பிரஷர் வால்வுக்கு என்ன சொல்வது?

வணக்கம்.

எஸ்பிரெசோ கோப்பி இயந்திரத்தில் மிஞ்சும் அமுக்கத்தைக் கழிக்கும் ஓவர் பிரஷர் வால்வுக்கு நம் சொற்பட்டியலில் தமிழ்ப் பெயர் தேடுகிறோம். குழுவில் தங்கச்சி சொன்ன "மிகையமுக்க வால்வு" சொல்லுக்குச் சொல் சரிதான். ஆனால் கேட்பவருக்கு அது அமுக்கத்தைக் கூட்டித் தருகிற சாமானாகப் படும். மதுரை அண்ணாவின் "பாதுகாப்பு வால்வு" இன்னும் சிக்கல். நீராவிக் கொதிகலன் உள்ள பெரிய இயந்திரங்களில் அந்தப் பெயருக்குரியது தனியாக இருக்கிறது, ஆபத்து வந்தால்தான் திறக்கும். நாம் பேசுவதோ கோப்பி வடிக்கும்போதே வேலை செய்வது.

வீட்டு எஸ்பிரெசோ இயந்திரப் பெட்டியில் "15 பார்" (பார் என்பது அமுக்க அலகு) என்று பெருமையாகப் போட்டிருப்பார்கள். அது பம்பின் உச்சம். கோப்பிக்கு 9 பார் அளவில் போதும். 1961இல் வந்த ஃபேமா இ61 போன்ற பம்பு இயந்திரங்களின் வழக்கம் அதுதான். மிச்சத்தைக் கழிப்பது இந்த வால்வு. காஜியா கிளாசிக் என்ற வீட்டு இயந்திரத்தின் மேல்மூடியைக் கழற்றினால் அதைப் பார்க்கலாம். உள்ளே ஒரு வில் (ஸ்பிரிங்) அடைப்பானை அமர்த்திப் பிடித்திருக்கும். அமுக்கம் வில்லின் பலத்தை மீறியதும் அடைப்பான் விலகி, மிச்சத் தண்ணீர் சின்னக் குழாய் வழியே இயந்திரத்தின் தண்ணீர்த் தாங்கிக்குத் திரும்பிவிடும். கோப்பித்தூள் போடும் வடிக்குப் பதிலாகத் துளையில்லாத வடியைப் பூட்டிப் பம்பை ஓடவிட்டு, தாங்கிக்குள் எட்டிப் பாருங்கள்: குழாய் நுனியில் தண்ணீர் கொட்டும். அமுக்கத்தைக் குறைக்க நம்மில் பலர் செய்யும் திருத்தம், அந்த வில்லை எடுத்துவிட்டு வலுக்குறைந்த ஒன்றைப் போடுவது. (பிளக்கைக் கழற்றி, இயந்திரம் ஆறிய பிறகு மட்டும். 230 வோல்ட்டும் தண்ணீரும் ஒரே பெட்டிக்குள்.)

செய்கிற வேலையை வைத்துப் பார்த்தால் நம்மிடம் பழைய சொல்லே இருக்கிறது. குளம் நிரம்பி மேலதிக நீர் தானாக வழிவதை இங்கே இலங்கையில் "வான் பாயுது" என்போம். மாரியில் கிளிநொச்சியின் இரணைமடுக் குளம் வான் பாய்ந்தால் கொழும்புப் பத்திரிகைகளிலும் செய்தி வரும். ஆகவே "வான் வால்வு". வான்கதவு என்றே சொல்லலாமே என்றால், கதவை ஆள் உயர்த்த வேண்டும்; இது தானாகத் திறக்கும். பெயரில், பிரஷருக்கு அமுக்கமா அழுத்தமா என்ற நமது பழைய சண்டைக்கும் இடமில்லை.

ஒரு இடைஞ்சல்: அதன் ஸ்பிரிங்கை "வான் வில்" என்று எழுதினால் எல்லாரும் வானவில் என்றுதான் வாசிப்பார்கள். "வால்வு வில்" போதும். விற்றராசு (ஸ்பிரிங் தராசு) படித்த பிள்ளைகளுக்கு வில் புதிதல்ல. கொழும்பு பழைய சோனகத் தெரு இரும்புச் சாமான் கடைகளில் மட்டும் ஸ்பிரிங் என்றே கேளுங்கள், வீண் அலைச்சல் வேண்டாம்.

- வெள்ளவத்தையிலிருந்து

---

தம்பி, விளக்கம் அருமை. பாதுகாப்பு வால்வைக் கைவிடுகிறேன். ஆனால் மதுரைப் பக்கம் வான் என்றால் ஆகாயம்தான். உங்கள் வானுக்கு எங்கள் கண்மாய்க்கரையில் கலிங்கு என்று பேர், நெல்லைக்காரர்கள் மறுகால் என்பார்கள். "கலிங்கு வால்வு" என்றால் வேறு எதனோடும் குழம்பாது. வானவில் தொல்லையும் இல்லை.

---

சரி அண்ணா. பட்டியலில் "கலிங்கு வால்வு" முதலில், "வான் வால்வு" ஈழ வழக்காகப் பக்கத்தில் என்று ஏற்றிவிடுகிறேன். தங்கச்சிக்கு ஆட்சேபம் இருந்தால் ஞாயிறுக்குள் எழுதட்டும். அடுத்தது போர்ட்டாஃபில்டர், அதாவது வடியைத் தாங்கும் கைப்பிடி. அதன் அடியை அறுத்தெடுத்தவர்கள் யாராவது ஒரு பெயரோடு வாருங்கள்.