இரண்டாம் உலகப் போர்க்காலக் கனடா ஐந்து சென்ட் காசு: கையில் வந்ததும் என்ன பார்ப்பீர்கள்?

காசுப்பெட்டி:
முதலில் காந்தம், அப்புறம்தான் ஆண்டு. 1942 வரை வந்த வட்டக் காசு சுத்த நிக்கல், காந்தத்தில் ஒட்டும். போருக்கு நிக்கல் தேவைப்பட்டதால் அதே 1942-இல் டோம்பாக் என்ற பித்தளை வகைக்கு மாறினார்கள்: 88% செம்பு, 12% துத்தநாகம். இது ஒட்டாது. புழங்கப் புழங்க டோம்பாக் பழுப்பாகி ஒரு சென்ட் காசு போலவே ஆகிவிடும் என்பதால்தான் பன்னிரண்டு பக்கம் வைத்தார்கள். ஆக, 1942 என்று போட்டு விற்பவரிடம் கேட்க வேண்டியது "வட்டமா, பக்கம் வைத்ததா?" என்பதுதான். பீவர் என்ற கொறிவிலங்கின் படம் இரண்டிலும் உண்டு. டோம்பாக் சுமார் 34 லட்சம்தான் அடித்தார்கள், வட்டக் காசு அதைப்போல இரு மடங்கு.

லென்ஸ்காரர்:
1943-இல் பீவர் போய், தீப்பந்தமும், வெற்றியைக் குறிக்கும் 'வி' (V) எழுத்தும் வந்தது. நாணயச்சாலைச் செதுக்குநர் தாமஸ் ஷிங்கிள்ஸ் கையாலேயே வெட்டிய அச்சு. அந்த முகத்தின் விளிம்புப் பற்களைப் பத்து மடங்கு லென்ஸில் பாருங்கள், சில குட்டை, சில நெட்டை. அது மோர்ஸ், அதாவது தந்திக் குறியீடு. "மனமுவந்து உழைத்தால் வெல்வோம்" என்ற பொருளில் ஆங்கில வாசகம். ஆறு சொற்களுமே W என்ற ஒரே எழுத்தில் தொடங்குகின்றன. அதற்கான குறி ஒரு குட்டை, இரண்டு நெட்டை. அதை ஆறு இடத்திலும் பிடித்துவிட்டால் மற்றது தானே வரும். தேய்ந்த காசில் முதலில் அழிவதும் இந்தப் பற்கள்தான். அதனால் வாசகம் முழுதும் தெளிவாக இருந்தால் நல்ல அறிகுறி.

ஆனால் 1943 என்றதும் வாயைப் பிளக்காதீர்கள். இரண்டரைக் கோடிக்குக் கொஞ்சம் குறைவாக அடித்த காசு இது. பழுப்பேறித் தேய்ந்தது சில்லறை விலைதான். பித்தளை மஞ்சள் மாறாத, புழங்காத காசுக்குத்தான் பணம்.

காசுப்பெட்டி:
1944 டோம்பாக் என்று யாராவது நீட்டினால் அதற்கும் காந்தம்தான். அந்த ஆண்டு புழக்கத்துக்கு வந்தது குரோமியம் பூசிய எஃகு. டோம்பாக்கில் அடித்ததாகப் பதிவில் இருப்பது 8,000, மிஞ்சியதாக அறியப்பட்டது ஒன்றே ஒன்று. எஃகுக் காசுக்குச் செம்பு முலாம் போட்டிருந்தால் காந்தம் காட்டிக்கொடுக்கும். ஒட்டவில்லை என்றால் கடைசி எண்ணைச் சுற்றி லென்ஸ் வையுங்கள். 3-ஐச் சுரண்டி 4 ஆக்கியிருந்தால் தளத்தில் கீறல் தெரியும்.

துருப்பிடிக்காதவர்:
எஃகுக் காசின் பலவீனம் ஓரம். தகட்டுக்கு முதலில் முலாம் பூசி, பிறகுதான் வில்லை வெட்டினார்கள். வெட்டிய ஓரத்தில் வெறும் எஃகு. முகம் பளபளவென்று இருக்க, ஓரத்தில் செந்துரு ஓடும். முகப்புப் படத்தை மட்டும் பார்த்து வாங்கினால் ஏமாறுவது இங்கேதான், ஓரத்தின் படம் கேளுங்கள்.

'குரோமியம் இல்லாத' 1944, 1945 காசுகளுக்குக் கூடுதல் விலை உண்டு. குரோமியம் ஏறாமல், அதற்கு அடியில் பூசும் நிக்கலோடு நின்றுபோனவை, மங்கிய சாம்பல் நிறம். எழுத்துகளின் இடுக்கில் நீலச்சாயல் பளபளப்பு மிச்சமிருந்தால் அது தேய்ந்த சாதாரணக் காசு. அசல் என்றால் பள்ளம் மேடு எல்லாம் ஒரே சாம்பல்.

புதியவர்:
டோம்பாக்கில் பச்சைக் களிம்பு. புளி போட்டுத் தேய்க்கலாமா?

துருப்பிடிக்காதவர்:
வேண்டவே வேண்டாம். குத்துவிளக்குக்குப் புளி சரி, காசின் மேல்தோலை அது அரித்துவிடும். இளஞ்சிவப்பாக ஒரு செயற்கை நிறம் வரும், தரம் பார்ப்பவர் 'கழுவியது' என்று எழுதிவிடுவார், விலை போயிற்று. பிசுபிசுப்பான பச்சை என்றால் பெரும்பாலும் பிவிசி பிளாஸ்டிக் உறையின் வேலை. கலப்பில்லாத அசிட்டோனில், கண்ணாடிக் கிண்ணத்தில், சில நிமிடம் ஊறவையுங்கள். ஜன்னலைத் திறந்து வையுங்கள், பக்கத்தில் நெருப்பு கூடாது. தேய்க்காமல் எடுத்துப் புது அசிட்டோனில் ஒருமுறை அலசி, தானாகக் காயவிடுங்கள். கெட்டியாகப் பிடித்து உலோகத்தைத் தின்ற களிம்பு இதில் போகாது, அப்படியே விடுங்கள். பிறகு மைலார் உறை (பிவிசி இல்லாத பிளாஸ்டிக்). எஃகுக் காசானால் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலம், நிறம் மாறியதும் மாற்ற வேண்டும்.

லென்ஸ்காரர்:
இன்னொன்று. 'வி' போட்ட வட்டக் காசு கிடைத்தால் அது போர்க்காலத்தது அல்ல. 2005-இல் போர் முடிந்த அறுபதாம் ஆண்டுக்கு அடித்தது, 1945-2005 என்று அதிலேயே இருக்கும். செலவு செய்யலாம்.