நாய்க்குச் சிகே7, சிகே20 இரண்டு சாயம் போதுமா?

வைகைக்கரை:
உசிலம்பட்டிப் பக்கத்து 9 வயதுச் சிப்பிப்பாறைப் பெட்டை. பால்சுரப்பியில் 4 செ.மீ. கட்டி, எக்ஸ்ரேயில் நுரையீரலிலும் உருண்டைகள். உறுப்புகளின் உள்வரிச் செல்லான எபிதீலியத்தின் கெரட்டின் புரதங்களை ஆன்டிபாடியால் பிரவுனாக்கிக் காட்டும் சாயங்கள் போட்டதில், நுரையீரல் ஊசி பயாப்ஸியில் சிகே7 பாசிட்டிவ், சிகே20 நெகட்டிவ். மனிதருக்கு மார்பகப் புற்றின் வழக்கமான வடிவம் இது. பால்சுரப்பியிலிருந்து பரவியது என்றே ரிப்போர்ட் கொடுத்துவிடலாம் என்பது என் கருத்து. நாய்க்காரரிடம் இதற்கு மேல் சாயத்துக்குக் காசு கேட்பது நியாயமில்லை.

மேலூர்_கால்நடை:
கொடுக்கக் கூடாது சார். மனிதரிலேயே அந்த வடிவம் மார்பகத்துக்கு மட்டும் உரியதல்ல. நுரையீரல் அடினோகார்சினோமா, சூலகம், கருப்பை உட்சுவர் எல்லாமே பெரும்பாலும் அப்படித்தான் வரும். இங்கே நம் கேள்வியே பால்சுரப்பியா, நுரையீரலா என்பதுதான். அந்த இரண்டையும் பிரிக்காத சாயத்துக்குச் செலவழித்தால் நாய்க்காரருக்கு என்ன லாபம்? பெருங்குடல் சந்தேகம் என்றால் இந்த ஜோடி கைகொடுக்கும், அங்கே சிகே7 நெகட்டிவ், சிகே20 பாசிட்டிவ். இங்கே கேட்க வேண்டியது டிடிஎஃப்-1 என்ற உட்கருப் புரதத்துக்கான சாயம். நாயின் நுரையீரலில் தொடங்கும் புற்றுகளில் பெரும்பாலானவை உட்கருவில் அதை ஏற்கும். தைராய்டும் ஏற்கும் என்பதால் கழுத்தையும் தடவிப் பாருங்கள்.

வைகைக்கரை:
டிடிஎஃப்-1 சரி, ஏற்கிறேன். ஆனால் பால்சுரப்பிக் கட்டியில் வெளியடுக்குச் செல்லைக் காட்டும் பி63 சாயம் போட்டபோது, குழாயைச் சுற்றிய மயோஎபிதீலியம் என்ற அந்தச் சுருங்கும் செல் அடுக்கு நன்றாகவே தெரிகிறது. அந்த அடுக்கு இருந்தால் ஊடுருவாத கட்டி என்றுதானே மார்பகத்தில் படிக்கிறோம்?

மேலூர்_கால்நடை:
மனித அட்டவணையை நாய்க்கு அப்படியே தூக்கி வைத்தால் கவிழ்வது இந்த இடத்தில்தான். நாயின் பால்சுரப்பியில் மயோஎபிதீலியமும் சேர்ந்து பெருகும். பல வகைத் திசு கலந்த மிக்ஸ்டு டியூமரில் குருத்தெலும்பு, எலும்பு வரைக்கும் உண்டாகும். காம்ப்ளெக்ஸ் கார்சினோமாவில் உள்ளடுக்கு மட்டும் புற்றாக இருக்க, மயோஎபிதீலியம் பக்கத்திலேயே தீங்கற்று நிற்கும். பி63 தெரிகிறது என்பதற்காக 'புற்றில்லை' என்று எழுதினால் அந்த நாய்க்குச் செய்யும் துரோகம். உள்ளடுக்குக்குச் சிகே8/18, வெளியடுக்குக்குச் சிகே5 அல்லது சிகே14, கூடவே பி63 போட்டு எந்த அடுக்கு எங்கே நிற்கிறது என்று பாருங்கள். தீங்கானதா என்பதை எச்.ஈ. (வழக்கமான ஹெமடாக்சிலின்-ஈயோசின் சாயம்) ஸ்லைடில் உட்கரு, செல் பிரிவு, ஊடுருவல், நிணநாளம் பார்த்து முடிவு செய்யுங்கள். கெரட்டின் அதைச் சொல்லாது.

பாரஃபின்_டெக்னீஷியன்:
நீங்கள் இருவரும் ஸ்லைடு சரியாக வந்தது என்று வைத்துக்கொண்டு பேசுகிறீர்கள். கெரட்டின் நெகட்டிவ் வந்தால் நான் முதலில் பாட்டிலைத்தான் கேட்பேன். முழுக் கட்டியை வாய்குறுகிய பாட்டிலில் திணித்து, கொஞ்சூண்டு ஃபார்மலின் ஊற்றி, மதுரை வெயிலில் பஸ்ஸில் அனுப்பினால் ஓரம் மட்டும் பதப்படும், நடு அழுகும். கட்டியை 5 மி.மீ. துண்டுகளாக நறுக்குங்கள். 10% நியூட்ரல் பஃபர்டு ஃபார்மலின் திசுவைப்போல் 10 மடங்கு வேண்டும். 6 மணி நேரத்துக்குக் குறையாமல், 72 மணி நேரத்துக்கு மிகாமல் வையுங்கள்.

பிறகு 3–4 மைக்ரான் வெட்டு, திசு கழன்றுபோகாமல் ஒட்டும் சார்ஜ்டு ஸ்லைடு. ஃபார்மலின் மறைத்த புரதத்தை ஆன்டிபாடி பிடிக்கும்படி வெளிக்கொணரும் ஆன்டிஜென் மீட்புக்கு பிஹெச் 9 டிரிஸ்-ஈடிடிஏ, பிரஷர் குக்கரில். பெப்சின் நொதி போட்டாலும் பல கெரட்டின் கிடைக்கும். நேரம் கொஞ்சம் கூடினால் திசு கரைந்து ஓட்டையாகும். திசுவின் சொந்தப் பெராக்சிடேஸ் நொதியை அடக்கப் பெராக்சைடு 3%, 10 நிமிஷம். பயோட்டின் இல்லாத பாலிமர் கிட் வாங்குங்கள், பயோட்டின் கிட்டில் கல்லீரலும் சிறுநீரகமும் தம் சொந்தப் பயோட்டினாலேயே பிரவுனாகிவிடும். சாயம் வேலை செய்கிறதா என்று ஒப்பிடும் கன்ட்ரோல் மனிதத் திசுவாக இருந்தால் நாய்த் திசுவில் அந்த ஆன்டிபாடிக் குளோன் பிடிக்கிறதா என்று தெரியாது. நாயின் கன்ட்ரோல்தான் வேண்டும்.

வைகைக்கரை:
நாய்க் கன்ட்ரோலுக்குத் தனியாக பிளாக் (மெழுகில் பதித்த திசு) எங்கே தேடுவது?

பாரஃபின்_டெக்னீஷியன்:
சிகே5, சிகே14, பி63க்கு அதே கட்டியோடு வந்த தோல் போதும், மேல்தோலின் அடியடுக்கு பிரவுனாக வேண்டும். சிகே8/18க்கு ஓரத்தில் கிடக்கும் சாதாரண பால்சுரப்பிக் குழாய். அவையே பிரவுனாகாத ஸ்லைடில் கட்டியின் நெகட்டிவை நம்பாதீர்கள். அழுகிய இடத்திலும் காய்ந்த ஓரத்திலும் தெரியும் பிரவுனைக் கணக்கில் எடுக்காதீர்கள்.

மேலூர்_கால்நடை:
நிணநீர்க் கணுவில் ஒற்றை ஒற்றையாய்க் கெரட்டின் செல் தெரிந்தாலும் 'பரவியது' என்று அவசரப்படாதீர்கள் வைகைக்கரை சார். மனிதரின் கணுவில் வலைபோல் கிளைத்த ரெட்டிகுலம் செல்களும் சிகே8/18 ஏற்கும். எச்.ஈ.யில் அதே இடத்தில் புற்றுச்செல்லின் உட்கரு தெரிந்தால் மட்டும் எழுதுங்கள். காசுக்கு ஒரே சாயம்தான் என்றால், நுரையீரல் பிளாக்கில் டிடிஎஃப்-1 போடுங்கள்.