மூனி மைட்: சக்கரத்தைக் கையால் மடக்கும் குட்டி விமானம்

அமெரிக்காவின் ஆஷ்கோஷ் விமானத் திருவிழாவில் பெரிய ஜெட்களை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று, பழைய விமானங்கள் நிற்கும் புல்வெளிக்குத்தான் முதலில் போனேன். வரிசையின் கோடியில் நின்றது மூனி எம்-18 மைட். வாலைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. முன்விளிம்பு செங்குத்தாக நிற்கிற வால் மூனிக்கே உரியது.

1947-இல் பறக்கத் தொடங்கிய மர விமானம். ஒரே ஓர் ஆள்தான் உட்காரலாம். பைப்பர் கப் என்கிற பழைய சிறிய விமானத்தில் இருக்கும் அதே 65 குதிரைத்திறன்தான். கப் மணிக்கு 120 கிலோமீட்டர் போனால் இது 200-ஐத் தொடும். உடம்பு சிறியது, சக்கரங்களும் உள்ளே மடங்கிவிடும். அதை மடக்க மோட்டார் இல்லை, பம்ப் இல்லை. ஒரு லீவர், விமானியின் கை, அவ்வளவுதான்.

உரிமையாளர் பெரியவர், "உட்கார்ந்து பாருங்கள்" என்றார். இரண்டு தோளும் பக்கச் சுவரில் உரசின. மேலே கிளம்பியதும் வேகம் கூடுவதற்குள் லீவரைப் போட்டுவிட வேண்டும், காற்று பலமாகிவிட்டால் கை வலிக்கும் என்றார். பிறகு கண்ணுக்கு நேராக இருந்த சின்னச் சிவப்புத் தகட்டை விரலால் இடமும் வலமும் ஆட்டிக் காட்டினார். சக்கரத்தை இறக்காமல் த்ராட்டிலை (எஞ்சின் விசையைக் கூட்டிக் குறைக்கும் பிடி) குறைத்தால் அது தானாகவே ஆடுமாம். ஆட்டுவது கார் கண்ணாடி துடைக்கிற வைப்பர் மோட்டார். எஞ்சினின் உறிஞ்சு காற்றில் ஓடுகிறது. அதற்கு மின்சாரம் வேண்டாம். இந்த யோசனைக்காகவே இதை வடிவமைத்த ஆல் மூனியைக் கும்பிடலாம்.

*

அதே மாதிரித் தகடு ஒன்று என்னைக் காப்பாற்றியிருக்கிறது, அதனால் எழுதுகிறேன்.

டெக்சாஸில் நண்பர் ஒருவர் தன் மைட்டைத் தந்தார். பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித்தர இடமே இல்லாததால் முதல் தடவையே தனியாகத்தான் போக வேண்டும். ஒரு மணி நேரம் தரையில் உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொரு பிடியையும் தொட்டுப் பழகினேன்.

பறந்தது அவ்வளவு சுகம். திரும்பி வரும்போது எதிரே இன்னொரு விமானம் தெரிய, கவனம் முழுக்க அதன்மேல் போய்விட்டது. ரன்வே நேரே வந்ததும் த்ராட்டிலைக் குறைத்தேன். சிவப்புத் தகடு படபடவென்று ஆடியது. சட்டென்று த்ராட்டிலைத் தள்ளி மேலே ஏறிவிட்டேன். இன்னொரு சுற்று வந்து, லீவரைப் போட்டு, அது பூட்டிக்கொண்டதா என்று இரண்டு தடவை இழுத்துப் பார்த்த பிறகே இறங்கினேன். எஞ்சினை அணைத்த பிறகும் என் கை லீவரை விட்டு வரவில்லை.