ஓங்கில் (டால்பின்) சீட்டி, குண்டுகரிச்சான் பாட்டு: பதிவு பண்ணினவங்க அனுபவம்

கடலூர் தேவனாம்பட்டினத்துக்காரர் குருவிப் பாட்டைப் பதியறவர், புதுச்சேரி தேங்காய்த்திட்டுக்காரர் கடல்ல ஓங்கில் சீட்டியைப் பதியறவர். ரெண்டு பேரும் பேசிக்கிட்டது இது.

தேவனாம்பட்டினம்:
குண்டுகரிச்சான்ங்கிற கறுப்பு வெள்ளைக் குருவிக்கு மொபைல் போனே போதும். மார்ச் தொடங்கி வெயில் காலம் முழுக்க, விடியறதுக்கு முன்னாடியே ஆண் பறவை கேபிள் கம்பியிலயோ முருங்கை உச்சியிலயோ உட்கார்ந்து பாடும். ஐந்தாறு மீட்டர் தள்ளி நின்னு, இரைச்சல் குறைப்பை அணைச்சுட்டு, சுருக்காத வேவ் (WAV) கோப்பா எடுங்க, எம்பி3 வேண்டாம். 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டினா காற்றோட உறுமல் போயிடும். அலைச்சத்தம் போகாது. அதுக்கு வீட்டுச் சுவர்தான் மறைப்பு.

தேங்காய்த்திட்டு:
ஓங்கிலுக்கு அதே போனை பையில கட்டிக் கடல்ல இறக்குறது வீண் வேலை. ஹைட்ரோபோன், அதாவது தண்ணிக்குள்ள கேட்குற மைக், வேணும். படகு இன்ஜின், ஒலியால ஆழம் பார்க்குற எக்கோ சவுண்டர் ரெண்டையும் நிறுத்திட்டு 3–5 மீட்டர் ஆழத்துல விடுங்க. நீரோட்டத்துல கேபிள் அதிர்ந்தா பதிவு முழுக்க 'கும்'முனு கேட்கும். கீழே ஒரு ஈயக்குண்டு கட்டணும். கடுகு பொரியற மாதிரி விடாம சடசடன்னு வந்தா கருவி பழுதில்ல, கொடுக்கைச் சொடுக்குற சின்ன இறால்கள். கரையோரத்துல அதுங்ககிட்ட இருந்து தப்ப முடியாது.

சீட்டி பெரும்பாலும் 5–20 கிலோஹெர்ட்ஸ். வினாடிக்கு 48,000 ஒலி மாதிரிகள் (சாம்பிள்) எடுக்குற ரெக்கார்டர் 24 கிலோஹெர்ட்ஸ் வரைக்கும் பிடிக்கும், அது சீட்டிக்குப் போதும். இரை தேடுற 'க்ளிக்' 100 கிலோஹெர்ட்ஸையும் தாண்டும். அதுக்கு வினாடிக்கு 3 லட்சம் சாம்பிளுக்கு மேல வேணும்.

தேவனாம்பட்டினம்:
கூட்டத்துல எது சீட்டி அடிச்சதுன்னு எப்படிண்ணே கண்டுபிடிக்கிறது? குருவின்னா அலகு அசையறதே காட்டிக்கொடுத்துடும்.

தேங்காய்த்திட்டு:
ஒரே ஹைட்ரோபோன்ல முடியாது தம்பி. குருவிக்குக் குரல் பிறக்குறது மூச்சுக்குழல் ரெண்டாப் பிரியற இடத்துல. ஓங்கிலுக்குத் தலை உச்சியில இருக்குற மூச்சுத் துளைக்குக் கீழே, மூக்குப் பாதையில. வாயே திறக்க வேண்டாம், குமிழி விடணும்னும் இல்ல. தண்ணியில ஒலி வினாடிக்குச் சுமார் 1,500 மீட்டர் ஓடுது, காற்றுல 340தான். அதனால திசை பிடிக்கவும் நம்ம காதால ஆகாது.

ஆனா பாட்டில்மூக்கு ஓங்கில் ஒவ்வொண்ணுக்கும் பேர் மாதிரி ஒரு தனிச் சீட்டி உண்டு. நேரம் போகப்போக சுருதி ஏறி இறங்குறதைக் காட்டுற ஸ்பெக்ட்ரோகிராம் படத்துல ஒரே வளைவு 1 முதல் 10 வினாடி இடைவெளியில திரும்பத் திரும்ப வந்தா, அது அந்தச் சீட்டியா இருக்க வாய்ப்பு அதிகம். பாட்டில்மூக்கு ஓங்கிலுக்குன்னே வகுத்த முறை இது. நம்ம பக்கத்துக் கூன்முதுகு ஓங்கிலுக்கு அப்படியே பொருத்திடாதீங்க. ஓங்கில், குண்டுகரிச்சான் ரெண்டும் கேட்டுக் கத்துக்குற இனம்தான், ஆனா குண்டுகரிச்சான் பாட்டு 'இது என் எல்லை'ன்னு சொல்லுது. பதிவை அதுக்கே போட்டுக் காட்டினா கூட்டை விட்டுட்டுச் சண்டைக்கு வரும். போடாதீங்க.

சீட்டிக் கோப்பை நாலு மடங்கு மெதுவாக்கிக் கேளுங்க. குருவி பாடுற சுருதிக்கே இறங்கி வந்துடும்.