நரம்பு இரத்தக் குழாயைச் சுருக்கினால், ஓடும்போது காலுக்கு இரத்தம் எப்படி வருகிறது?

கடைமடை ஓட்டக்காரன்:
திருவாரூர் பக்கம் கிராமம். போலீஸ் தேர்வுக்காக வாய்க்கால் கரையில் 1500 மீட்டர் ஓடிப் பழகுகிறேன். அக்காவின் நர்சிங் புத்தகத்தைப் புரட்டியதில் ஒரு குழப்பம். உடற்பயிற்சியின்போது சிம்பதெடிக் நரம்புகள் (நாம் நினைக்காமலே தானாக இயங்கும் நரம்புகள்) இரத்தக் குழாய்களைச் சுருக்கும் என்று ஒரு பக்கத்தில் இருக்கிறது, அடுத்த பக்கத்தில் தசைக்கு இரத்த ஓட்டம் பல மடங்கு கூடும் என்கிறார்கள். சுருக்கினால் எப்படிக் கூடும்? மூளை காலுக்கு மட்டும் தனி உத்தரவு போடுகிறதா?

குடந்தை பிசியோ:
தம்பி, இரண்டு பக்கமும் சரிதான். தனி உத்தரவு எதுவும் கிடையாது. ஓடத் தொடங்கியதும் மூளை முதலில், இதயத் துடிப்பை அடக்கி வைக்கும் வேகஸ் நரம்பின் பிடியைத் தளர்த்தும், அதனால் சில நொடியிலேயே துடிப்பு ஏறிவிடும். அப்புறம் சிம்பதெடிக் நரம்பு நுனிகளிலிருந்து நார்அட்ரினலின் என்ற வேதிப்பொருள் வந்து குடல், சிறுநீரகம், சும்மா இருக்கும் தசை என்று எல்லா இடத்திலும் குழாயைச் சுருக்கும். காலுக்கும் அதே கட்டளைதான் போகும், ஆனால் வேலை செய்கிற தசை அதை அவ்வளவாகக் கேட்காது. தசையிலிருந்து வெளிவரும் பொட்டாசியம், அடினோசின், குழாயின் உள்சுவரில் உருவாகும் நைட்ரிக் ஆக்சைடு இதெல்லாம் சேர்ந்து குழாயை விரிக்கும், நரம்பின் சுருக்கலையும் மழுங்கடிக்கும். எல்லா மதகையும் இறக்கச் சொல்லி உத்தரவு வந்தாலும், பயிர் காய்கிறவன் தன் வயல் மடையை மட்டும் வெட்டி விட்டுக்கொள்வானே, அந்தக் கதைதான். 1962இல் நாய்களில் செய்த சோதனையில் இதைக் காட்டி, ஃபங்ஷனல் சிம்பதோலைசிஸ் என்று பெயர் வைத்தார்கள்.

கணக்காகச் சொன்னால், சும்மா உட்கார்ந்திருக்கும்போது இதயம் நிமிடத்துக்கு சுமார் 5 லிட்டர் தள்ளும், அதில் ஐந்தில் ஒரு பங்குதான் தசைகளுக்கு. உன் வயதுப் பையன் முழு வேகத்தில் ஓடினால் 20 லிட்டருக்கு மேல் போகும், அதில் ஐந்தில் நாலு பங்கு தசைக்கே.

மூட்டைக்காரன்:
தசையே பார்த்துக்கொள்ளும் என்றால் நரம்பு எதற்கு சார்? இன்னொரு சந்தேகம். நெல் கொள்முதல் நிலையத்தில் 40 கிலோ மூட்டை தூக்குகிறோம். நடந்து போகும்போது ஒன்றும் தெரிவதில்லை, தூக்கிப் பிடித்தபடி நிற்கச் சொன்னால்தான் முகமெல்லாம் சூடேறி மண்டை இடிக்கிறது.

குடந்தை பிசியோ:
நல்ல கேள்வி அண்ணே. நரம்பு காப்பாற்றுவது இரத்த அழுத்தத்தை. உடம்பிலுள்ள எல்லாத் தசையும் ஒரே நேரத்தில் முழுசாகத் திறந்துகொண்டால் எந்த இதயத்தாலும் ஈடுகொடுக்க முடியாது, அழுத்தம் விழுந்து மயக்கம்தான் வரும். அதனால் கடும் உழைப்பில் வேலை செய்கிற தசையையும் நரம்பு கொஞ்சம் இறுக்கியே வைத்திருக்கும். சர்க்கரை நோய் பல வருடம் இருந்து இந்த நரம்புகள் கெட்டுப்போனவர்களைப் பாருங்கள், வேகமாக நடந்தாலும் பிரஷர் ஏற வேண்டிய அளவு ஏறாது, சிலருக்கு இறங்கவே செய்யும்.

மூட்டை விஷயம் வேறு. நடக்கும்போது தசை சுருங்கிச் சுருங்கி விடும், அந்த இடைவெளியில் இரத்தம் பாயும். அசையாமல் பிடித்து நின்றால் இறுகிய தசை தன் குழாய்களையே நசுக்கிவிடும். உள்ளே கழிவு சேரும், தசையிலிருந்து மூளைத்தண்டுக்குப் போகும் மெல்லிய நரம்புகள் அதைச் சொல்ல, மூளை பிரஷரை ஏற்றித் தள்ளப் பார்க்கும். 1937இல் ஆலம், ஸ்மிர்க் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் இதை அழகாகக் காட்டினார்கள். பயிற்சி முடியும்போது கை கால்களில் பிரஷர் பட்டையை இறுக்கி இரத்தத்தை உள்ளேயே அடைத்துவைத்தார்கள். தசை ஓய்வெடுத்தும் பிரஷர் முழுசாக இறங்கவில்லை, பட்டையைத் தளர்த்திய பிறகுதான் இறங்கியது. பிரஷர் உள்ள ஆள் மூச்சைப் பிடித்துக்கொண்டு மூட்டையோடு நிற்க வேண்டாம் என்று நான் சொல்வது இதனால்தான்.

மன்னை கபடி:
ஓட்டக்காரத் தம்பிக்கு ஒன்று. சித்திரை வெயிலில் தோலும் இரத்தம் கேட்கும், உடம்பைக் குளிர்விக்க. அதனால் அதே வேகத்துக்குத் துடிப்பு அதிகமாக ஏறும், பயந்துவிடாதே. முடித்ததும் சட்டென்று நிற்காமல் கொஞ்ச தூரம் நட. குழாய்கள் விரிந்தே இருக்கும், கால் தசை அசையாவிட்டால் இரத்தம் கீழேயே தங்கிவிடும். எங்கள் குழுவில் ஆட்டம் முடிந்து நின்ற இடத்திலேயே சரிந்தவர்கள் உண்டு.

கடைமடை ஓட்டக்காரன்:
நன்றி அண்ணே. நான்கு இட்லி சாப்பிட்டுவிட்டு ஓடினால் வயிறு பிரட்டுவதும் குடலுக்கு இரத்தம் குறைவதால்தானா?

குடந்தை பிசியோ:
அதுவும் ஒரு காரணம். ஓடி முடித்துவிட்டுச் சாப்பிடு, எட்டு இட்லிகூட இறங்கும்.