சனிக்குப் பக்கத்தில் உயிர் இருக்காது என்று சொல்லிவிட்டேன். சரியா?

எட்டாம்வகுப்பு டீச்சர்:
போன வாரம் பள்ளி மொட்டை மாடியில் சின்னத் தொலைநோக்கி வைத்துப் பிள்ளைகளுக்குச் சனியைக் காட்டினேன். வரிசையில் கடைசியாக நின்ற பெண், பக்கத்தில் தெரிந்த புள்ளி என்ன என்று கேட்டாள். டைட்டன், சனியின் நிலா என்றேன். "அங்கெல்லாம் ஏதாவது உயிரோட இருக்குமா மிஸ்?" என்றாள். சூரியனிலிருந்து பூமியைப் போல ஒன்பதரை மடங்கு தூரம், உயிர் வாழத் தகுந்த மண்டலத்துக்கு வெளியே, அதனால் இருக்காது என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அப்போதிருந்து மனசு உறுத்துகிறது. தூரம் ஒன்றை வைத்தே இப்படி முடிவு சொல்லலாமா?

சாணவாயு:
டீச்சர், அந்தப் பெண்ணிடம் இன்னொரு முறை பேசுங்கள். அந்த மண்டலம் என்பது தரைமேல் தண்ணீர் திரவமாக நிற்கக்கூடிய தூரம், அவ்வளவுதான். நம் நிலாவும் அதற்குள்தான் இருக்கிறது. காற்றைப் பிடித்துவைக்கும் அளவுக்கு ஈர்ப்பு இல்லாமல் வறண்டு கிடக்கிறது.

டைட்டனைவிடச் சனிக்கு நெருக்கமாக என்செலடஸ் என்று ஒரு நிலா உண்டு. குறுக்களவு சுமார் 500 கிலோமீட்டர்தான். மேற்பரப்புக் குளிர் மைனஸ் 200 டிகிரிக்கு அருகில். ஆனால் 2005-இல் காசினி விண்கலம் போய்ப் பார்த்தபோது, தென்துருவப் பிளவுகளிலிருந்து நீராவியும் பனித்தூளும் பீய்ச்சிக்கொண்டிருந்தன. பனி ஓட்டுக்கு அடியில் உப்புக் கடல்!

வெயில் எட்டாத இடத்தில் அது எப்படி உறையாமல் இருக்கிறது? ஒரு கம்பியை இப்படியும் அப்படியும் வேகமாக வளைத்துப் பாருங்கள், மடங்கும் இடம் சுடும். என்செலடஸ் 33 மணி நேரத்தில் சனியை ஒருமுறை சுற்றுகிறது. அது இரண்டு சுற்று முடிப்பதற்குள் டையோனி என்ற நிலா ஒரு சுற்று முடிக்கிறது. டையோனியின் இழுப்பால் என்செலடஸின் பாதை முழு வட்டமாகவே முடிவதில்லை. கிட்டே வரும்போது அதிகமாகவும் எட்டப் போகும்போது குறைவாகவும் சனி அதைப் பிசைகிறது. சூடு வருவது அதில்தான்.

நான் சாண எரிவாயுக் கலன் கட்டிக் கொடுக்கும் வேலையில் இருக்கிறேன். 2015 அக்டோபரில் காசினி அந்தப் பீய்ச்சலுக்குள்ளேயே 49 கிலோமீட்டர் உயரத்தில் புகுந்து போனது. அதில் ஹைட்ரஜன் இருந்ததாக 2017-இல் அறிவித்தார்கள். கார்பன் டை ஆக்சைடும் இருந்தது. படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. இந்த இரண்டையும் சேர்த்து மீத்தேன் ஆக்கி, அந்த ஆற்றலில் பிழைக்கிற நுண்ணுயிர்கள் என் கலன்களுக்குள் தினமும் இருக்கின்றன. வெளிச்சம் அவற்றுக்கு வேண்டாம். ஆக்சிஜன் ஆகவே ஆகாது.

குட்டைக்கரை:
எல்லாம் சரி. ஆனால் உயிர் பிழைப்பது வேறு, புதிதாகத் தோன்றுவது வேறு. புரதத்தின் கட்டுக்கற்களான அமினோ அமிலங்கள் சங்கிலியாகக் கோக்கும்போது ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு நீர் மூலக்கூறு வெளியேற வேண்டும். சுற்றிலும் தண்ணீராக இருந்தால் அது சிரமம். அதனால் நனைந்து, காய்ந்து, மறுபடி நனைகிற குட்டைக்கரையில்தான் உயிர் தொடங்கியிருக்கும் என்று ஒரு சாரார் சொல்கிறார்கள். இன்னொரு சாரார், 2000-இல் அட்லாண்டிக் அடியில் கண்டுபிடித்த 'லாஸ்ட் சிட்டி' போன்ற காரநீர் ஊற்றுகளைக் காட்டுகிறார்கள். அங்கே கல்லின் நுண்துளைகளே செல்களுக்கு முன்மாதிரியாக இருந்திருக்கலாம் என்பது அவர்கள் வாதம். நான் குட்டைப் பக்கம். என்செலடஸில் கரையே கிடையாதே?

எட்டாம்வகுப்பு டீச்சர்:
இரண்டு பேருக்கும் நன்றி. இன்று வகுப்பிலேயே, நான் அவசரப்பட்டுச் சொல்லிவிட்டேன் என்று சொல்லி, என்செலடஸ் கதை முழுவதும் சொன்னேன். அந்தப் பெண் உடனே, "அப்போ அங்க போனா எதைத் தேடணும் மிஸ்?" என்றாள்.

சாணவாயு:
அமினோ அமிலங்களைத் தேடச் சொல்லுங்கள். பெரும்பாலானவற்றுக்கு இடக்கை, வலக்கை மாதிரி இரண்டு வடிவம் உண்டு. உயிரில்லாமல் உண்டானால் இரண்டும் ஏறக்குறையச் சமமாக இருக்கும். பூமியில் உயிர்கள் புரதம் கட்டுவது இடக்கை வடிவத்தில். என்செலடஸ் தன் கடலைத் தானே வெளியே வீசுவதால் பனியைத் துளைக்கக்கூட வேண்டாம். பறந்தபடியே தூளைப் பிடித்து, எந்தக் கை எவ்வளவு என்று எண்ண வேண்டும்.